பாய் வேண்டாம்

காதர் மைதீன் ஆம்புலன்ஸ் வேலைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. அவருக்கு வேலை பழக்கும் திலகவதி அவரைவிடப் பத்து வயது சின்னவள். வயதில் தங்கை, தொழிலில் குரு.

ஒரு காலையில் அவர் கேட்டார். "மேடம், நான் ஆபீஸ்ல போன் எடுக்கிற வேலைக்கு மாறிக்கிடட்டுமா? அங்க குரல் மட்டுந்தான். தாடி தெரியாது."

"யாரு என்ன சொன்னா?"

"தொடாதங்காங்க. நேத்து ஒரு அம்மா, முந்தாநாள் ஒருத்தரு. அவங்கள என்னதான் செய்ய?"

அவள் வாய் திறப்பதற்குள் அழைப்பு வந்துவிட்டது.

வாழைத் தோட்டம். தார் வெட்டப் போன சங்கரபாண்டியின் தொடையில் அரிவாள் இறங்கியிருந்தது. காதர் துணியை மடித்து வைத்து இரண்டு கையாலும் அழுத்தினார். வண்டி கிளம்பியது. ஆஸ்பத்திரி வரும்வரை கையை எடுக்கக் கூடாது. ரத்தம் நின்றதா என்று எட்டிப் பார்க்கவும் கூடாது. திலகவதி முதலில் சொல்லிக்கொடுத்தது அதைத்தான்.

சங்கரபாண்டி தலையைத் தூக்கித் தாடியைப் பார்த்தார். சட்டையில் இருந்த பேரைப் படித்தார். சாகக் கிடந்தாலும் சிலருக்கு வீம்பு போகாது.

"வேய் பாய், கைய எடும். அந்தப் பொண்ணு அமுக்கட்டும்."

தாடி வைத்தவன் அழுத்தினால் ரத்தம் நிற்காது என்று எந்த வைத்தியன் சொன்னானோ. காதருக்கு முகம் செத்துவிட்டது. கையை எடுத்துவிட்டார். துணி குபுகுபுவென்று நனைந்தது.

எதிர் சீட்டில் இருந்த திலகவதி இடத்தைவிட்டு அசையவில்லை.

"அண்ணாச்சி, வைத்தியமே வேண்டாம்னா சொல்லுங்க, கேட்டுக்கிடுதேன். பாய் வேண்டாம்னு மட்டும் சொல்லாதீங்க. சாமி பாத்து ஆள் மாத்துற பழக்கம் இந்த வண்டியில கிடையாது."

"ஏட்டி, நான் செத்துருவேன்!"

"அப்ப பாய்ட்டயே கேளுங்க."

சங்கரபாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு தன் கையாலேயே அமுக்கிப் பார்த்தார். விரல்களில் வலு இல்லை.

"பாய்... அமுக்கும்."

காதருக்குக் கோபம் கோபமாக வந்தது. கோபத்தோடுதான் அமுக்கினார். அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை, ரத்தம் நின்றது.

பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொன்ன பிறகுதான், குழாயடியில் கை கழுவிக்கொண்டே காதர் கேட்டார்.

"மேடம், அந்த நேரத்துல அவரு செத்திருந்தா?"

"நான் ஏன் இடம் மாறி அமுக்கலன்னு என்னைய நானே கேட்டிருப்பேன். சாகுற வரைக்கும் கேட்டிருப்பேன். நீங்க உங்களக் கேட்டுக்கிடுங்க."

"கைய எடுக்கச் சொன்னது அவருல்லா?"

"சொன்னது அவரு. எடுத்தது யாரு?"

காதர் குழாயை மூடினார். "அதான் போன் வேலைக்குப் போறேங்கேன்" என்றார்.

"போங்க. அங்கயும் பேரு கேப்பாங்க, பாய். கேட்டா போன வச்சிருவீங்களா?"