வராத ஆளுக்கு ஓர் இடம்

“என்னைப் போக விட்டுடுங்க, மேடம்.”

முதலாண்டு மாணவி முத்துப்பேச்சி விண்ணப்பத்தை மேசைமீது வைத்துவிட்டுப் பின்வாங்கி நின்றாள். படிப்பை நிறுத்திக்கொண்டு ஊர் திரும்ப அனுமதி கேட்கும் விண்ணப்பம் அது. விடுதிக் காப்பாளர் கையெழுத்திட்டால் மறுநாளே விளாத்திகுளம் பேருந்தில் ஏறிவிடலாம்.

காப்பாளர் பேராசிரியை வேதநாயகி. மாணவிகளிடம் அளந்து பேசுபவர் என்று பெயர் எடுத்தவர். விண்ணப்பத்தை ஒருமுறை படித்தார்.

“பாடம் புரியலையா?”

“புரியுது, மேடம்.”

“சாப்பாடு?”

“பரவாயில்ல, மேடம்.”

“பின்னே?”

முத்துப்பேச்சி தரையைப் பார்த்தாள். பல நாளாக நெஞ்சுக்குள் உருட்டிக்கொண்டிருந்த சொற்கள் ஒரே மூச்சில் வெளியே வந்தன.

“இங்க யாருமே என்கூடப் பேசல, மேடம். ஆடி மாசம் வந்தேன், இப்போ கார்த்திகை. நான் ரூமுக்குள்ள செத்துக் கிடந்தாலும் ஒருத்தரும் கேக்கமாட்டாங்க.”

“ஒருத்தருமா?”

“ஒருத்தருமே.”

வேதநாயகி பேனாவைத் திறந்தார். பிறகு மூடினார்.

“யோசிச்சுச் சொல்லு. ஒரு வார்த்தைகூட யாரும் கேக்கலையா?”

யோசித்தாள்.

“சேர்ந்த புதுசுல, மெஸ்ஸுல ஒரு பொண்ணு... ‘இங்க ஆள் வருதா?’ன்னு கேட்டுச்சு.”

“நீ என்ன சொன்ன?”

அந்த உணவுக்கூடத்தில் எவரும் எழுதி வைக்காத வழக்கம் ஒன்று உண்டு. தோழிக்கு இடம் பிடிப்பவள், பக்கத்து இருக்கைக்கு நேரே ஒரு தம்ளரைக் கவிழ்த்து வைப்பாள். தம்ளர் கவிழ்ந்திருக்கும் இடத்தில் வேறெவரும் உட்கார மாட்டார்கள். வந்த மறுநாளே இதைக் கண்டுகொண்ட முத்துப்பேச்சி, அன்றுமுதல் இரண்டு தம்ளர் எடுத்தாள். ஒன்று தனக்கு. மற்றது, வராத ஆளுக்கு.

“தலைய ஆட்டினேன், மேடம்.”

“ஆள் வருதுன்னா?”

“ஆமா.”

“வந்துச்சா?”

முத்துப்பேச்சியின் விரல்கள் தாவணி முனையைத் திருகின.

“பக்கத்துல யாராச்சும் உக்காந்தா பேசணுமே, மேடம். எனக்கு நாக்கு எழும்பாது. சோறு உள்ள எறங்காது.”

“அந்தப் பொண்ணு பேர் என்ன?”

“தெரியாது. புருவத்துல ஒரு தழும்பு இருந்துச்சு.”

“தெரிஞ்சுக்கிட்டு வா. கையெழுத்துப் போடறேன்.”

“மேடம், நான் எப்படிப் போயி...”

வேதநாயகி விடைத்தாள்களைத் திருத்தத் தொடங்கியிருந்தார்.

*

மாடிக் கூடத்தில் நான்கு பேர் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். முத்துப்பேச்சி வாசலிலேயே நின்றாள். ஓர் ஆட்டம் முடிந்தது. அடுத்ததும் தொடங்கிவிட்டது.

“ஒரு பொண்ணு... புருவத்துல தழும்பு இருக்கும்...”

காய்கள் நின்றன.

“அடியே, இங்க பாருங்கடி! பேருல மட்டும் பேச்சு வச்சிருந்தவ வாயத் தொறந்துட்டா!” என்றாள் ஒருத்தி. “மழை வரப்போகுது, கொடியில கிடக்கற துணிய எடுங்க!”

எல்லோரும் சிரித்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் ஓடியிருப்பாள். ஊர் போகக் கையெழுத்து வேண்டும், நின்றாள்.

“தழும்பா? கெமிஸ்ட்ரி பொண்ணா இருக்கும். கடைசி ரூம் நிலோபர்கிட்டப் போய்க் கேளு, தாயே.”

நிலோபர் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே இருந்த கட்டிலில் மெத்தை இல்லை.

“செவ்வந்தியையா கேக்கற? அவ தீபாவளிக்கு முன்னாடியே டி.சி. வாங்கிட்டுப் போயிட்டாளே. பென்னாகரம் பக்கம் ஊரு.”

“ஏன் போனாங்க?”

“ஏனா?” நிலோபர் மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள். “வந்த புதுசுல மெஸ்ஸுல எவளோ ஒரு ராங்கிக்காரிகிட்ட இடம் கேட்டிருக்கா. அந்த மகராசி, ஆள் வருதுன்னு தலைய ஆட்டிட்டாளாம். இவ தட்டோட தூரமாப் போய் உக்காந்து பாத்துக்கிட்டே இருந்திருக்கா. கடைசிவரைக்கும் அந்த இடத்துக்கு ஆளே வரல.”

முத்துப்பேச்சி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“‘என் பக்கத்துல உக்கார அவளுக்கு அருவருப்பு’ன்னு அன்னிக்கி அழுதா பாரு. அது ஒண்ணுதான் காரணம்னு சொல்லமாட்டேன். ஆனா அதுலதான் ஆரம்பிச்சது. மெஸ் பக்கமே போறதில்ல. பிஸ்கட்டும் தண்ணியுமாக் கிடந்தா. நான் கூப்பிட்டாக்கூட, இரக்கப்பட்டுக் கூப்பிடறேன்னு நினைச்சா.”

நிலோபர் நிமிர்ந்து பார்த்தாள்.

“நீ யாரு? அவளுக்குச் சொந்தமா?”

“இல்ல.”

“பின்ன எதுக்குக் கேக்கற?”

முத்துப்பேச்சி மெத்தையில்லாத கட்டிலைப் பார்த்தாள்.

“இருந்தவரைக்கும் ஒரு நாய்கூட அவளைத் தேடி வரல,” என்றாள் நிலோபர். “இப்ப வந்து நிக்கற.”

*

“பேரு செவ்வந்தி, மேடம்.”

வேதநாயகி தலை நிமிரவில்லை.

“இப்ப எங்க இருக்கா?”

“போயிட்டா.”

விடைத்தாள் ஒன்று புரண்டது.

“அருவருப்பு இல்ல, மேடம். சத்தியமா இல்ல. பயம். எனக்கு வெறும் பயம், மேடம்.”

“என்கிட்ட எதுக்குச் சொல்ற?”

முத்துப்பேச்சி அழுதாள். வேதநாயகி தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. விண்ணப்பத்தை இழுத்து, நிதானமாகக் கையெழுத்திட்டு, நாளும் குறித்தார்.

“இந்தா. கேட்டதக் கொண்டுவந்துட்ட. நானும் சொன்னபடி போட்டுட்டேன்.”

முத்துப்பேச்சி வாங்கிக்கொண்டாள்.

“நீ போனப்புறம் உன்னைத் தேடி யாராவது வந்தா நான் என்ன சொல்லட்டும்?”

“யாரும் வரமாட்டாங்க, மேடம்.”

வேதநாயகி முதன்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

“போறப்போ அவளும் இதையேதான் சொன்னா.”