பல்லக்கு போன வழி

முன்னொரு காலத்தில் நீலமுனை என்ற கடற்கரை நாட்டை வலம்புரியார் என்ற அரசர் ஆண்டு வந்தார். காலையில் ஒரு சட்டம் போடுவார், மாலையில் மறந்துவிடுவார். அவர் மறக்காதவை இரண்டு: மதியச் சாப்பாட்டுக்கு இறால் வறுவல், கரைக்கு முட்டையிட வரும் ஆமைகள்.

ஒருநாள் கரையில் ஏழு ஆமைகள் செத்துக் கிடந்தன. இறால் பிடிக்கும் இழுவலைகளில் சிக்கி, மூச்சுவிட மேலே வர முடியாமல் இறந்தவை. அரசர் கொதித்துப்போனார்.

"வலைகளை எல்லாம் கொளுத்திவிடலாம், மகாராசா," என்றார் சபை முதல்வர் பூதலிங்கம். பல்லக்கை விட்டு இறங்காமல் சபைக்குள் வரும் உரிமை நாட்டில் அவர் ஒருவருக்குத்தான் உண்டு.

"அப்படியானால் இறால்?" என்றார் அரசர்.

வலை பின்னும் கடலாச்சி முன்னால் வந்தாள். வலை எரிந்தால் அவள் குப்பத்தில் ஓர் அடுப்பும் எரியாது. "மகாராசா, இறால் உள்ளே தங்கும், ஆமை வெளியே போகும். அப்படி ஒரு வலை கட்டித் தருகிறேன்."

பூதலிங்கம் பல்லக்கிலிருந்தே சிரித்தார். அரசர் வேறொருவர் பேச்சைக் கேட்பது அவருக்குப் பிடிக்காது. "இது இறால், இது ஆமை என்று பார்க்க வலைக்குக் கண் இருக்கிறதா, பெண்ணே?"

"கண் வேண்டாம் ஐயா, கம்பு போதும். நாளைக்குச் சபை வாசலிலேயே காட்டுகிறேன்."

"காட்டாவிட்டால்?"

"வலைகளை நானே கொளுத்துகிறேன்."

மறுநாள் சபைக்குப் போகும் நடையில் மூங்கில் கம்புகள் சாய்ந்த வரிசையாக நின்றன. இரண்டு கம்புகளுக்கு இடையே ஓர் ஆள் நுழையலாம். வரிசை முடியும் இடத்தில் தோட்டத்து வாசல். அதில் ஒரு சாக்குத் திரை தொங்கியது.

அமைச்சர், புலவர், தளபதி எல்லோரும் கம்புகளுக்கு இடையே நுழைந்து உள்ளே வந்தார்கள். பல்லக்கு வந்து முட்டியது.

"இறங்கி நடந்து வாருங்களேன், ஐயா," என்றாள் கடலாச்சி.

"நானா? தள்ளுங்கடா!"

தூக்கிகள் தள்ளினார்கள். பல்லக்கு சாய்வோடு சறுக்கிக்கொண்டு போய், திரையைத் தள்ளி, வாழைத் தோட்டத்தில் நின்றது. திரை மூடிக்கொண்டது. மூன்று முறை முயன்றார். மூன்று முறையும் வாழைத் தோட்டம்தான்.

"அடிபட்டதா?" என்றார் அரசர்.

"இல்லை மகாராசா," என்றாள் கடலாச்சி. "திட்டிக்கொண்டிருக்கிறார். மூச்சு நன்றாக இருக்கிறது."

"இறால்?"

"எல்லாம் உள்ளேதான் நிற்கின்றன."

சபையோர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"திரை வழியாக இறால் தப்பாதா?"

"கொஞ்சம் தப்பும், மகாராசா. புலவர்கூட ஒருமுறை தோட்டப் பக்கம் பார்த்தார்."

பிறகு அரசரே படகில் போனார். கடலாச்சி கட்டிய வலைக்குள் அதே போலச் சாய்ந்த கம்புச் சட்டம், அதன் மேலே மூடியிட்ட திறப்பு. வலை இழுபடும்போது, பின்னால் ஒரு பெரிய ஆமை தலையை நீட்டி மூச்சுவிட்டது. வலைக்குள் இறால் துள்ளியது. அன்று இலையில் வறுவல் சற்றுக் குறைவு. அரசர் கவனித்தார், இருந்ததைச் சாப்பிட்டார்.

எல்லா வலைக்கும் கம்புச் சட்டம் என்று சட்டம் போட்டார். மாலையிலும் அது நினைவிருந்தது. கடலாச்சியை வலைகளுக்குத் தலைவியாக்கி, "இன்னும் என்ன வேண்டும்?" என்றார்.

"வாசலில் இருக்கும் மூங்கில்களைத் தாருங்கள். வலைகளுக்கு ஆகும்."

"வண்டி வண்டியாகப் புது மூங்கில் தருகிறேன். அவை மட்டும் அங்கேயே இருக்கட்டும்."

மறுநாள் பூதலிங்கம் சபைக்குள் நடந்து வந்தார். செருப்பில் வாழைத் தோட்டத்துச் சேறு இருந்தது.