ஒரு கேடயம், மூன்று காவலர்கள்

கோபப்படாமல் கேட்க முடிந்தால் கேளுங்கள். எனக்குச் சொல்லும்போதே வருகிறது.

ஈரோட்டுப் பக்கம் மலர்க்கொடி நகர் என்றொரு குடியிருப்பு. இணையத்தில் குழந்தைகளின் பாதுகாப்புக்காக அங்குள்ள நலச் சங்கம் ஒரு மாதம் முழுக்க விழிப்புணர்வு இயக்கம் நடத்தியது. பேரணி போனார்கள், உறுதிமொழி எடுத்தார்கள், கோலப்போட்டிகூட வைத்தார்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098 ஒவ்வொரு தட்டியிலும் ஆள் உயரத்துக்கு நின்றது. நிறைவு விழாவில் ‘குழந்தைகளின் காவலர்’ என்று ஒருவருக்குக் கேடயமும் சால்வையும் தருவதாக ஏற்பாடு. சால்வை இல்லாமல் அந்தச் சங்கத்தில் ஒரு குழாய்கூடத் திறக்கப்பட்டதில்லை.

அதே நகரில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒருத்தி. பெயரைச் சொல்ல மாட்டேன்; ஊர், உறவுகளின் பெயர்களையும் மாற்றித்தான் சொல்கிறேன். இப்படிப்பட்ட பிள்ளையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்பது சட்டம்; சட்டம் இல்லாவிட்டாலும் சொல்ல மாட்டேன். கைப்பேசி விளையாட்டு ஒன்றில் அவளுக்குக் கிடைத்த ‘தோழி’ உண்மையில் வளர்ந்த ஆண். நட்பை நம்பி அவள் அனுப்பிய சாதாரணப் படத்தை அசிங்கமாக மாற்றி வைத்துக்கொண்டான். “நான் கேக்கற படத்தை அனுப்பு. இல்லேன்னா இது உன் ஸ்கூலுக்குப் போகும்” என்று மிரட்டத் தொடங்கினான்.

அவள் முதலில் அப்பாவின் தங்கை பூங்கோதையிடம் போய் அழுதாள். அத்தை திட்டவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டு, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அங்காளம்மன் மேல் சத்தியம் செய்தார். “அவனை பிளாக் பண்ணி உட்டுரு அம்மிணி, அத்தோட தொலைஞ்சான்” என்றார். அவள் அப்படியே செய்தாள். அவன் வேறு பெயரில் கணக்கு தொடங்கி, முன்னைவிடக் கடுமையாக மிரட்டினான்.

அந்த வாரம் பள்ளியில் சங்கத்தின் கூட்டம். பேசியவர் மகுடேஸ்வரன், இயக்கத்தின் பேச்சாளர், குரல் வளமுள்ளவர். “எதுவானாலும் தயங்காம எங்ககிட்டச் சொல்லுங்க” என்று மூன்று முறை சொன்னார். பிள்ளை நம்பிச் சொன்னாள், கைப்பேசியையும் காட்டினாள். அவர் அந்த உரையாடலைப் படமெடுத்து, அவள் பெயரின் மேல் கறுப்புப் பட்டை போட்டு, ‘உஷார்! அனைவருக்கும் பகிரவும்’ என்று நகரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பெயரை மறைத்தவர் பக்கத்தில் இருந்த முகப்புப் படத்தை மறைக்கவில்லை. அதில் இருந்தது அவள் வீட்டு நாய். ஒரு காது மடங்கிய அந்தச் செவலை நாயைத் தெரியாதவர் அந்த நகரிலேயே கிடையாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

பொழுது சாய்வதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் அவள் அப்பா நாச்சிமுத்துவிடம் கேட்டார்: “ஏனுங்க, இது உங்கூட்டு நாயில்லீங்களா?”

நாச்சிமுத்து வீட்டுக்கு வந்தார். மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கைப்பேசியைப் பிடுங்கித் துவைக்கிற கல்லில் அடித்து உடைத்தார். எய்தவன் இருக்க அம்பை நொந்தவரை என்னவென்று சொல்ல? அசிங்கமாக மாற்றிய படம் அந்தக் கைப்பேசியில் மட்டுமா இருந்தது? அவனிடம் அல்லவா இருந்தது! உடைந்ததெல்லாம் அவன் மிரட்டியதற்கான சாட்சியம்தான். “இனிமே இவளுக்குப் போனுங்கிற பேச்சே இல்லை” என்று நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தார்.

விழா நாள் வந்தது. ‘குழந்தைகளின் காவலர்’ பட்டத்துக்கு வந்த பெயர்கள் மூன்றும் இந்த ஒரே விஷயத்துக்காக. கல்யாண மண்டப மேடையில் மூவரும் தங்கள் சேவையை எடுத்துச் சொன்னார்கள்.

“அண்ணங்கிட்டக்கூட இன்னைக்கு வரைக்கும் மூச்சு உடலீங்க” என்று பூங்கோதை அத்தை, சத்தியம் காத்த பெருமையை ஒலிபெருக்கியில் சொன்னார்.

“நான் போட்ட ஒரே பதிவால நம்ம நகர்ல ஒவ்வொரு குடும்பமும் முழிச்சுக்கிச்சு” என்றார் மகுடேஸ்வரன்.

“வேரையே வெட்டிப்போட்டனுங்க” என்றார் நாச்சிமுத்து.

நானூறு கண்கள் ஒரே நாற்காலியைத் திரும்பிப் பார்த்தன. பிள்ளை அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்போதாவது யாருக்காவது உறைத்திருக்க வேண்டும். இல்லை. மூவரில் யார் என்று முடிவு செய்ய முடியாத செயலாளர் சென்னியப்பனுக்கு ஒரு யோசனை உதித்தது. “அந்தக் கொழந்தையே வந்து, யாருன்னு முடிவு பண்ணிச் சால்வை போத்தட்டுமே!” மண்டபம் கைதட்டியது. யாரோ அவளை எழுப்பிவிட்டார்கள். கையில் சால்வையைத் திணித்து, மைக் முன்னால் நிறுத்தினார்கள்.

சத்தியம் காத்த அத்தை, ஊரை எச்சரித்த பேச்சாளர், கைப்பேசியை உடைத்த அப்பா. இந்த மூவரில் அந்தச் சால்வைக்கு உரியவர் யார்?

விடை: ஒருவரும் இல்லை. அத்தை அவளை நம்பினார், திட்டவில்லை; அது பெரிய காரியம்தான். ஆனால் பிள்ளைக்குத் தர வேண்டிய வாக்கு ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்பதல்ல, ‘உதவக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன்’ என்பது. பேச்சாளர் ஊரைக் காக்கப் போய்ப் பிள்ளையை ஊர் வாயில் போட்டார். அப்பாவுக்குக் கோபம் இருந்தது, காது இல்லை. மூவரும் செய்யாத ஒன்று உண்டு. சால்வையை எவர் தோளிலும் போடாமல் அவள் மைக்கில் கேட்டது அதைத்தான்: “நேத்துலருந்து அவன் எங்கம்மா நம்பருக்கு அனுப்பறானுங்க. உங்கள்ல யாராச்சும் கம்ப்ளைன்ட் குடுத்தீங்களா?” “அடுத்து நன்றியுரை” என்றார் செயலாளர். அந்த உரை முடிவதற்குள் அவள் கீழே இறங்கி, அம்மாவின் கைப்பேசியை வாங்கி, தட்டியில் இருந்த 1098-ஐத் தானே அழைத்துப் பேசினாள். தைரியசாலி என்று பிறகு எல்லோரும் மெச்சினார்கள். எனக்கு மெச்ச வாய் வரவில்லை. அத்தனை பெரியவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் அந்த அழைப்பை அவள்தான் செய்ய வேண்டியிருந்தது.