பதினான்கு பக்கமும் ஒரு துண்டு பீட்சாவும்

குரு என்றால் தாடி இருக்க வேண்டும், சீடன் என்றால் மீசை முளைக்காதவனாக இருக்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ, தெரியாது. இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தாறு. பெயர் பிலோமினா. சனிக்கிழமைதோறும் எட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு, பெசன்ட் நகரில் ஐந்து கடைகளுக்கு நடத்திக் கூட்டிப்போய் பீட்சா ருசி பார்க்க வைப்பது அவருடைய தொழில். சீடருக்கு அறுபத்தொன்று. பெயர் தணிகாசலம். முப்பத்து மூன்று வருடம் கல்லூரியில் வேதியியல் நடத்தியவர். ஓய்வு பெற்றும் வாய் ஓயவில்லை.

அதுதான் வீட்டில் பிரச்சினை. அவர் பேச்செடுத்தால் மனைவி வனஜா மிக்சியைப் போட்டுவிடுவார். பெங்களூரிலிருந்து மகன் போன் செய்தால், "அம்மாகிட்ட குடுங்கப்பா" என்பான். எதிரே அறுபது பேர் உட்கார்ந்து கேட்டுப் பழகிய மனுஷனுக்கு இப்போது ஒரு காதுகூட இல்லை. அவருக்கு அது ரொம்பவே வலித்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கேட்க ஆள் வேண்டுமே.

அதனால்தான் பிலோமினாவிடம் வழிகாட்டி வேலை கேட்டு வந்தார்.

இரண்டு வெள்ளோட்டம் முடிந்திருந்தது. முதல் வாரம் எட்டுப் பேரில் மூன்று பேர் நான்காவது கடைக்கு முன்பே கழன்றுகொண்டார்கள். இரண்டாம் வாரம் ஐந்து பேர். அந்த ஐந்து பேரும் எதிர்ச்சாரியில் நின்று கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்ததை அவரே தன் கண்ணால் பார்த்தார்.

"இன்னைக்கும் பாதியில ஆள் கழண்டுச்சுன்னா, என்னைத் தப்பா நினைச்சுக்காதீங்க சார்," என்றார் பிலோமினா. "வேற ஆளைத்தான் பார்க்கணும்."

தணிகாசலம் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார்.

"இந்தத் தடவை குறிப்போட வந்திருக்கேன் மேடம். பதினாலு பக்கம்."

"கடவுளே," என்றார் குரு.

"ஒரே ஒரு சந்தேகம் மேடம். நான் என்ன பேசினா இவங்க மனசுல நிக்கும்?"

"மூணாவது கடையில சொல்றேன் சார். நடங்க."

பஸ் ஸ்டாண்டு அருகே எட்டுப் பேரும் வந்து நின்றார்கள். தணிகாசலம் முதல் காரியமாக வருகைப்பதிவு எடுத்தார். ஏழு பேர் "பிரசன்ட் சார்" என்றார்கள். கரூரிலிருந்து வந்த பொன்னுரங்கம் மட்டும் சும்மா கையைத் தூக்கினார். பஸ்ஸுக்குக் கூண்டு கட்டும் பட்டறை வைத்திருப்பவர். சென்னையில் வேலை பார்க்கும் மகள் தமயந்தியைப் பார்க்க வந்த இடத்தில், அவள் இதற்கு இழுத்து வந்துவிட்டாள். பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, பத்திரப்பதிவு ஆபீசுக்கு வந்தவர் மாதிரி நடந்தார்.

முதல் கடையில் பீட்சா வந்தது. ஆவி பறந்தது. ஒருவர் கையை நீட்டினார்.

"அவசரப்படாதீங்க," என்றார் தணிகாசலம். "மைதாவுல புரதம் எத்தனை சதவீதம்? யாருக்காவது தெரியுமா?"

அவரே சொன்னார். பிறகு ஈஸ்ட் என்றார். பிறகு ஈஸ்ட்டைக் கண்டுபிடித்த கதை என்றார். பதினோரு நிமிடம். கடைசியில் எல்லோரும் எடுத்துக் கடித்தபோது சீஸ் மெழுகாகியிருந்தது. பொன்னுரங்கம் மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார்.

இரண்டாவது கடையில் தக்காளியின் அமிலத்தன்மை. பாதியில் ஒரு கல்லூரிப் பெண் தன்னையறியாமல் எழுந்து கையைத் தூக்கினாள்.

"சார், வெளியில போய்ட்டு வரலாமா?"

"சீக்கிரம் வாம்மா," என்றார் அவர், பழக்கதோஷத்தில்.

அவள் வாசலில் நின்று தெருவை ஏக்கமாகப் பார்த்தாள். எதிர்ச்சாரியில் கரும்புச்சாறு வண்டி. பிலோமினா வேகமாகப் போய் அவள் தோளில் கை போட்டு, ஏதோ சமாதானம் சொல்லி உள்ளே அழைத்து வந்தார்.

மூன்றாவது கடை ஒரு சந்துக்குள் இருந்தது. விறகு அடுப்பு. செங்கல்லை வளைத்துக் கட்டிய அந்த அடுப்பை நிர்மாணித்ததும், அதில் பீட்சா சுடுவதும் ஒரே ஆள். மேலூர் அழகர். அடுப்புக்குள் அனல் தகதகவென்றிருந்தது. தணிகாசலத்தின் குறிப்பில் இந்த அடுப்புக்கு மட்டும் மூன்று பக்கம். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"மேடம், மூணாவது கடை வந்தாச்சு. பதில் சொல்றேன்னீங்களே?"

"இந்தாங்க," என்று பிலோமினா அடுப்பிலிருந்து இறங்கிய முதல் துண்டை அவர் வாயருகே நீட்டினார். "முதல்ல நீங்க சாப்பிடுங்க சார்."

குருவே ஊட்டும்போது மறுக்க முடியுமா? கடித்தார். ஐயோ, என்ன சூடு! துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. சீஸ் முழநீளம் இழுத்துக்கொண்டு மோவாயில் தொங்கியது. கண்ணில் நீர் முட்டியது.

எட்டுப் பேரும் அவரைப் பார்த்தார்கள். பாடம் நடக்கவில்லை என்று தெரிந்ததும் ஆளுக்கொரு துண்டை எடுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

அப்போதுதான் பொன்னுரங்கம் பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். அடுப்புக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"ஏனுங்க தம்பி, இந்த அடுப்புக் கதவுல இருக்கிறது பஸ் டிக்கி கைப்பிடிங்களா?"

அழகரின் முகம் மலர்ந்துவிட்டது. "அண்ணே! மூணு வருசமா இங்க எத்தனையோ பேரு வந்து போட்டோ எடுத்துட்டுப் போறாக. ஒருத்தருக்கும் தெரியலண்ணே! பழைய இரும்புக் கடையில பொறுக்குனது."

"கீலும் எங்க ஊர் கீலுதானுங்க. தலைகீழா மாட்டியிருக்கீங்க. அதனாலதான் கதவு சரியா உட்காராம அனல் வெளிய போகுது."

"அட! அதான் வெறகு இப்படித் தின்னுதா?"

தணிகாசலத்துக்குத் தாங்கவில்லை. அனல் வெளியேறுவது பற்றி அவரிடம் ஒன்றரைப் பக்கம் இருக்கிறது! அரக்கப் பரக்க விழுங்கிவிட்டு, "அதாவது, வெப்பம் எப்பவும்" என்று ஆரம்பித்தார். பிலோமினா இரண்டாவது துண்டை நீட்டினார். முந்தையதைவிடப் பெரிய துண்டு.

அதையும் மென்றார். மென்றுகொண்டே பார்த்தார். பொன்னுரங்கம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு விளக்கிக்கொண்டிருந்தார். எல்லோரும் அடுப்பைச் சுற்றி நெருங்கி நின்றார்கள். கல்லூரிப் பெண் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். அழகர் நீளத் துடுப்பைப் பொன்னுரங்கம் கையில் கொடுத்து, "நீங்களே ஒண்ணு உள்ள தள்ளுங்கண்ணே" என்றான். அவர் பயந்து பயந்து தள்ளினார். பீட்சா கோணிக்கொண்டு போய் விழுந்தது. ஒரே சிரிப்பு.

"எங்கப்பா இவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை," என்று தமயந்தி பக்கத்தில் நின்றவரிடம் சொல்வது தணிகாசலத்தின் காதில் விழுந்தது.

இரண்டாவது துண்டும் இறங்கிவிட்டது. வாய் காலி. பிலோமினா கொஞ்சம் தள்ளி நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். இப்போது தடுக்க ஆளில்லை. தணிகாசலம் சட்டைப்பையிலிருந்து ஒன்பதாம் பக்கத்தை உருவினார். தொண்டையைக் கனைத்தார்.

"ஒரு தாள் இருந்தா கீலை வரைஞ்சே காட்டிருவனுங்க," என்றார் பொன்னுரங்கம், சுற்றுமுற்றும் பார்த்து.

எல்லோர் கண்ணும் தணிகாசலத்தின் கையிலிருந்த தாளுக்கு வந்தது.

மனுஷன் தாளைப் பார்த்தார். இரண்டு பகல் உட்கார்ந்து, அடிக்கோடிட்டு எழுதியது. தலைப்புக்குச் சிவப்பு மை வேறு. அதைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி பொன்னுரங்கத்திடம் கொடுத்தார். பேனாவையும் கொடுத்தார். பிறகு யாரும் ஊட்டாமலே மூன்றாவது துண்டைத் தானே எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

பிலோமினா அதைப் பார்த்தார்.

நான்காவது கடைக்கு எட்டுப் பேரும் வந்தார்கள். தணிகாசலம் திரும்பித் திரும்பித் தலைகளை எண்ணினார். அங்கே பீட்சா வந்ததும், "சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க" என்று மட்டும் சொன்னார். அதைச் சொல்லி நிறுத்துவதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

ஐந்தாவது கடையில் அந்தக் கல்லூரிப் பெண் மறுபடி கையைத் தூக்கினாள். தணிகாசலத்துக்குத் திக்கென்றது. போகிறாள், இதோ கழன்றுகொள்ளப் போகிறாள்.

"சார், இந்தச் சீஸ் மட்டும் ஏன் இப்படி நூலா இழுக்குது?"

கேட்டாளே! அவராக ஒன்றும் ஆரம்பிக்காமல், தானாக ஒருத்தி கேட்கிறாள்! பொன்னுரங்கம்கூட மெல்லுவதை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்.

"பாலோட புரதம் சூட்டுல இளகி நூல் நூலா நீளும்மா. ஆறிப்போச்சுன்னா இறுகிடும். அதனால முதல்ல சாப்பிடு."

"ஓ!" என்றாள் அவள். எட்டுப் பேரும் சீஸை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள்.

தணிகாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகாய்த்தூள் அதிகம் என்று சொல்லிக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

கடற்கரையில் பயணம் முடிந்தது. எந்தக் கடை பிடித்தது என்று பிலோமினா வழக்கம்போலக் கேட்டார். எட்டுப் பேரும் மூன்றாவது கடை என்றார்கள். தமயந்தி தணிகாசலத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் கடையில ரொம்ப அருமையா நடத்தினீங்க சார். அடுத்த தடவை எங்கம்மாவையும் கூட்டிட்டு வர்றேன்."

எல்லோரும் போன பிறகு தணிகாசலம் குருவின் அருகே வந்தார். சட்டையில் தக்காளிச் சாறு. நாக்கு வெந்துபோய்ப் பேச்சு கொஞ்சம் குழறியது.

"மேடம், எனக்கு ஒண்ணும் புரியலை. சத்தியமாச் சொல்றேன், அந்தக் கடையில நான் ஒரு வார்த்தைகூடப் பேசலையே?"

பிலோமினா பையை மாட்டிக்கொண்டார்.

"அடுத்த சனிக்கிழமையும் அதையே பேசுங்க சார். அஞ்சு மணிக்கு வந்துடுங்க."