வெள்ளம் வருதென்று கத்திய ஆள்காட்டி

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் நெருக்கி உட்காருங்கள். இந்தக் கதையில் ஒருத்தி தொண்டை கிழியக் கத்தினாள், கேட்க நாதியில்லை. நீங்களாவது கேளுங்கள்.

ஒரு கண்மாய். வருஷக்கணக்காக அதில் சொட்டுத் தண்ணீர் இல்லை. உள்ளே கருவேல மரம் முளைத்துக் காடாகிவிட்டது. தண்ணீர் நின்ற பள்ளத்தில் பெருச்சாளிகள் வளை தோண்டிக் குடியேறின. ஒரு முயல் புதரடியில் குட்டி போட்டது. அது கண்மாய் என்பதே எல்லோருக்கும் மறந்து போயிற்று.

கரைமேல் சரளைக் கல்லுக்கு நடுவே முத்தாலு என்ற ஆள்காட்டிக் குருவி நாலு முட்டை இட்டிருந்தாள். ஆள்காட்டியைப் பார்த்திருப்பீர்கள். நெட்டைக் கால், மூக்கோரம் சிவப்புத் தோல். யார் வந்தாலும் போனாலும் கத்திவிடும். அதனால் அங்கே அவளுக்கு நல்ல பேர் கிடையாது. வாயாடி என்பார்கள்.

ஒருநாள் காலை முத்தாலு தண்ணீர் குடிக்க மேலக்கண்மாய்க்குப் பறந்தாள். மலையில் எங்கோ பெய்த மழையில் மேலக்கண்மாய் நிறைந்து தளும்பியது! இன்னும் ஒரு விரற்கடை ஏறினால் மறுகால் பாயும். மிஞ்சிய தண்ணீரெல்லாம் வாய்க்கால் வழியாக நேரே இவர்கள் தலையில்தான் வந்து விழும்.

திரும்பி வந்த வேகத்தில் கத்தினாள். "வெள்ளம் வருது! வெள்ளம் வருது! எல்லாரும் கரைக்கு ஏறுங்க!"

பெருச்சாளிகளுக்குத் தலைவர் ஒச்சப்பன். வயிறு பெருத்தவர். வளையிலிருந்து தலையை நீட்டி வானத்தைப் பார்த்தார். பேருக்கு ஒரு மேகம் இல்லை.

"ஏத்தா, எங்கே மழை? உன் மூக்கு மேல மட்டும் பெய்யுதோ?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"மழை இங்கே இல்லண்ணே! தண்ணி வானத்துல இருந்து வரல, வாய்க்கால்ல வருது!"

"நேத்து ஆடு வந்ததுக்குக் கத்தினே. முந்தாநாள் ஒரு பனமட்டை விழுந்ததுக்குக் கத்தினே. இன்னைக்கு வெள்ளமா?"

"அதெல்லாம் கெடக்கட்டும்ண்ணே, இது நெசம்!"

"உன் சூது எனக்குத் தெரியாதா? உன் முட்டைக்குப் பக்கத்துல ஒரு பெருச்சாளி இருக்கக் கூடாது. எங்களைக் கெளப்பி விட்டுட்டா கண்மாய் பூரா உனக்கு. அதானே?"

முத்தாலுவுக்குச் சுருக்கென்று தைத்தது. கரையில் அவள் புருஷன் கொம்பையா முட்டைமேல் உட்கார்ந்திருந்தான்.

"சொல்லியாச்சுல்ல, வா புள்ள. நம்ம முட்டையைத் திங்க எப்படா நேரம் வரும்னு கெடக்கிற பயலுக அவங்க. அவங்களுக்காகத் தொண்டையைக் கிழிச்சுக்கிறியே!"

"கண்ணால பார்த்தவ நான்" என்றாள் முத்தாலு. "நான் சொல்லாம விட்டு அவங்க செத்தா, அந்தச் சாவு என் தலையில. சொல்லியும் கேக்காட்டி அது அவங்க பாடு. சொல்ற வேலை என்னுது."

மறுபடியும் கீழே இறங்கினாள். வளை வளையாகப் போய்க் கத்தினாள். பெருச்சாளிகள் காய்ந்த புல்லைச் சுருட்டிக் காதில் அடைத்துக்கொண்டு படுத்துவிட்டன. கத்திக் கத்தி அவள் குரல் கம்மிப் போயிற்று.

அப்போது புதருக்குள்ளிருந்து அந்த முயல் வந்தாள். பேர் செவந்தி. பின்னாலேயே மூன்று குட்டிகள்.

"அக்கா, நான் வர்றேன். எந்தப் பக்கம் ஏறணும்?"

"நீ நம்புறியா செவந்தி?"

"நம்புறேனோ என்னமோ, தெரியலக்கா. அன்னைக்கு நரி வந்தப்ப நீ கத்தினதாலதான் இதுக மூணும் உசுரோட இருக்கு. அந்த நன்றிக்காவது நடந்து வர்றேன்."

முத்தாலுவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நீ ஒருத்தி கேட்டியே தாயி! நீ நல்லா இருக்கணும்!" என்று அவளைக் கரையேற்றிவிட்டாள்.

கண்மாயைச் சுற்றிலும் கரை செங்குத்து. முட்டைகள் இருந்த இடத்தில் மட்டும்தான் சரிவு. ஏறுவதென்றால் அந்த வழிதான்.

செவந்தி மேலே போய்ச் சேர்ந்தாளோ இல்லையோ, வாய்க்கால் பக்கம் ஒரு இரைச்சல் கேட்டது. செம்மண் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வருகிறது! முத்தாலு வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது, குரல் வரவில்லை. என்ன செய்வாள்?

ஆள்காட்டிகளுக்கு ஒரு வித்தை தெரியும். எதிரி முட்டையை நெருங்கினால், இறக்கை ஒடிந்ததுபோல் நொண்டி நடித்து, அவனை வேறு திசைக்கு இழுத்துப் போய்விடும். முத்தாலு ஒச்சப்பனின் வளைக்கு முன்னால் பொத்தென்று விழுந்தாள். ஒரு இறக்கையைத் தரையில் இழுத்து இழுத்து நொண்டினாள். காதை அடைத்தவர்கள் கண்ணை அடைக்கவில்லையே!

"அடேய், வாயாடிக்கு இறக்கை ஒடிஞ்சு போச்சுடா! எல்லாரும் வாங்க, விடாதீங்க!"

ஒச்சப்பன் கத்திக்கொண்டே வளை வளையாகத் தட்டி எழுப்பினார். கிழடு, குஞ்சு, குளுவான் என்று அத்தனையும் வளையைவிட்டுப் பாய்ந்து வந்தன. முத்தாலு சரிவைப் பார்த்து நொண்டினாள்.

மேலே கொம்பையா முட்டையைவிட்டு எழுந்து நின்று அலறினான். "ஏ கிறுக்கி! முட்டை இருக்கிற பக்கமா இழுத்துட்டு வர்றியே! அந்தப் பக்கம் போ!"

அவள் காதில் விழாமல் இல்லை. கால் இரண்டும் தானாகத் திரும்பப் பார்த்தன. பிறந்த நாள் முதல் முட்டையைவிட்டு விலகி ஓடத்தான் அந்தக் கால்கள் பழகியிருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு என்று சொல்ல அவளுக்குப் பல் இல்லை. மூக்கை இறுக்கிக்கொண்டு முட்டையை நோக்கியே நொண்டினாள்.

கரை உச்சியில் சட்டென்று எழும்பிப் பறந்தாள். ஒச்சப்பனின் மூக்குக்கு நேரே நாலு முட்டைகள்! அவர் வாயில் எச்சில் ஊறியது. அதே நேரம் பின்னாலிருந்து முதுகில் சில்லென்று தண்ணீர் தெறித்தது. திரும்பிப் பார்த்தார்.

வளைகளைக் காணோம். கருவேல மரங்கள் இடுப்பளவு செந்தண்ணீரில் நின்றன.

ஒச்சப்பன் மெதுவாகக் காதிலிருந்த புல்லைப் பிடுங்கினார். "எல்லாரும் இருக்கீங்களாடா?" என்றார். எல்லாரும் இருந்தார்கள். அவர் முட்டையைப் பார்த்தார், முத்தாலுவைப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் எங்களைக் கூட்டிட்டு வந்தா என்ன ஆகும்னு தெரிஞ்சுமா வந்தே, தாயி?"

முத்தாலு தலையை மட்டும் ஆட்டினாள்.

ஒச்சப்பன் மூக்கு மண்ணில் படக் குனிந்தார். குனிந்தபடியே பின்வாங்கினார். "டேய்! இந்த முட்டையில ஒரு கீறல் விழுந்தா உங்க பல்லைப் பேத்துடுவேன். சுத்தி நில்லுங்க. நரி கிரி வந்தா இனி நாம கத்துவோம்!"

"எங்க முட்டைக்கு நீங்க காவலா? நல்லா இருக்கு கூத்து!" என்றான் கொம்பையா. ஆனாலும் சிரித்துவிட்டான்.

"கொஞ்சம் உட்காருக்கா, தொண்டை தேறட்டும்" என்றாள் செவந்தி.

முத்தாலு உட்கார்ந்தாள். இத்தனை உயிரும் தன்னைச் சுற்றி மூச்சு விடுவதைப் பார்க்கப் பார்க்க, கத்துகிற தொண்டையைத் தனக்குக் கொடுத்தவனுக்கு மனசுக்குள் கும்பிடு போட்டாள். பிறகு தண்ணீரைப் பார்த்தாள். அது ஏறிக்கொண்டே இருந்தது. இந்தக் கண்மாயும் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்தது கீழக்கண்மாய். அங்கேயும் வானம் வெளுத்துத்தான் கிடக்கும். அங்கேயும் சிரிப்பார்கள்.

புதுத் தண்ணீரில் ஒரு வாய் குடித்துத் தொண்டையை நனைத்துக்கொண்டு, கரகரவென்று கத்திக்கொண்டே அவள் கீழக்கண்மாயைப் பார்த்துப் பறந்தாள்.

கேட்பவர் கேட்கட்டும், சிரிப்பவர் சிரிக்கட்டும். ஆபத்தைக் கண்ணால் கண்டவர் அதைச் சொல்லியே தீர வேண்டும்.