அழுகண்ணியின் வெள்ளைப் பூ

முன்னொரு காலத்தில், மேகங்கள் தரையில் இறங்கி மேய்ந்துவிட்டுப் போன காலத்தில், ஏழுகுன்ற நாட்டில் அலரி என்று தேன் எடுக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். தேனடையில் பாதியை எடுப்பாள், பாதியைத் தேனீக்களுக்கே விட்டுவிடுவாள். அதே குன்றில் கரும்புகையன் என்ற மந்திரவாதியும் இருந்தான். அவனுக்கு முழு அடையும் வேண்டும்.

"மீதி அதுங்களோடது. தரமாட்டேன்," என்றாள் அலரி.

"தேனீ மேல அவ்வளவு இரக்கமா? அப்ப நீயும் தேனீயாவே இரு," என்று அவன் சாம்பலை ஊதினான். அவள் உடம்பு சுருங்கியது, முதுகில் சிறகு முளைத்தது. "சதுப்புல இருக்கிற அழுகண்ணிச் செடி என்னைக்கு விதை பிடிக்குதோ, அன்னைக்குத்தான் நீ மனுஷி." சிரித்துக்கொண்டே போய்விட்டான். அந்தச் செடியிடம் போன பூச்சி எதுவும் திரும்பியதில்லை என்று அவனுக்குத் தெரியும்.

அலரி வீட்டுக்குப் பறந்தாள். தொட்டிலில் மகள் அழுதுகொண்டிருந்தாள். பிள்ளையைக் கொட்டிவிடுமோ என்று பயந்து, கணவன் மாடன் துண்டை வீசி அவளை விரட்டினான். அவன் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. நேரே சதுப்புக்குப் போனாள்.

அங்கே வெண்பனி மிதந்தது. பனிக்குள் சிவப்புச் சிவப்பாய்க் குட்டிக் கைகள். ஒவ்வொரு கை நுனியிலும் கண்ணீர் போல ஒரு துளி. நடுவில் எங்கோ ஒரு சிவப்புப் பூ. எது கை, எது பூ என்று அலரிக்குத் தெரியவில்லை. உட்கார்ந்தாள். கால் ஒட்டிக்கொண்டது.

"யாரு?" என்றது செடி, தூக்கக் கலக்கத்தில். கைகள் மெல்ல மடங்கின.

"விட்டுடு. நீ விதை பிடிக்க உதவத்தான் வந்தேன்."

"வர்றது யாருன்னு எனக்குத் தெரியாது. வந்தா விடவும் தெரியாது. இந்த மண்ணுல சத்தே இல்ல. பூச்சி தின்னாத்தான் எனக்கு உசுரு."

"உனக்குப் பிள்ளைங்க உண்டா?"

மடங்கிய கைகள் அப்படியே நின்றன. "வருஷா வருஷம் பூக்கிறேன். பூ வாடி விழுது. ஒரு விதைகூட இல்ல."

"எப்படி இருக்கும்? உன் கையும் சிவப்பு, பூவும் சிவப்பு, ரெண்டும் ஒரே உயரம். வர்றவங்களுக்கு விருந்து எது, கண்ணி எதுன்னு எப்படித் தெரியும்? பூவை உசரத்துல வை. நிறத்தை மாத்து. அக்கரையில உன் இனத்துச் செடி ஊதாவாப் பூத்திருக்கு. அதோட மகரந்தத்தை நான் கொண்டு வர்றேன்."

"மாட்டிக்கிட்டவங்க எல்லாரும் திரும்பி வர்றேன்னுதான் சொல்வாங்க."

"என் பிள்ளை தொட்டில்ல அழுதுக்கிட்டு இருக்கு. நீ விதை பிடிச்சாத்தான் நான் அதைத் தூக்க முடியும். கண்டிப்பா வருவேன்."

மடங்கிய கைகளைச் செடி மெல்ல விரித்தது. பிறகு, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, பிடித்ததை விட்டது.

முதல் நாள் காலையில் மஞ்சளாகப் பூத்தது. காய்ந்த புல்லோடு புல்லாக மறைந்துபோனது. அலரி சுற்றிச் சுற்றி வந்தும் காணவில்லை. இரண்டாம் நாள் ரோஜா நிறம். பனியில் கை எது பூ எது என்று மறுபடி மயங்கி, துளியில் படுமுன் தப்பினாள். அன்று இரவெல்லாம் செடி நிலாவைக் குடித்தது. மூன்றாம் நாள், ஈர்க்குச்சி போல் நீண்ட காம்பின் உச்சியில், பனிக்கு மேலே, வெள்ளை வெளேரென்று ஒரு பூ மிதந்தது.

அலரி அக்கரைக்குப் பறந்து ஊதா மகரந்தத்தை அள்ளி வந்தாள். பூவை நெருங்கும்போது காற்று அடித்து அவளைக் கீழே தள்ளியது. கைகளுக்கு நடுவே விழுந்தாள். மூன்று நாள் பட்டினி கிடந்த செடி நடுங்கியது. ஆனாலும் கைகளை ஒவ்வொன்றாகப் பின்னுக்கு வளைத்தது.

"சீக்கிரம் மேல போ தாயி. ரொம்ப நேரம் தாங்கமாட்டேன்."

அவள் காம்பைப் பற்றி ஏறிப் பூவுக்குள் புரண்டு, மகரந்தத்தைப் பூசிவிட்டு வெளியே பறந்தாள். வெயில் ஏற, வெள்ளை இதழ்கள் மூடிக்கொண்டன.

காய் பருத்து வருவதைக் கேள்விப்பட்ட கரும்புகையன் அதைக் கெடுக்க ஓடிவந்தான். சேற்றில் கால் புதைந்தது. உடனே கொசுவாக மாறினான். அவன் எந்தப் பூவையும் நின்று பார்த்தவன் இல்லை. பளபளவென்று மின்னிய ஒரு சிவப்புக் கையில் போய் உட்கார்ந்தான்.

"என்னை விடு. நான் யாருன்னு தெரியுமா?"

"வர்றது யாருன்னு எனக்குத் தெரியாது," என்றது செடி. "வந்தா விடவும் தெரியாது."

மறுநாள் காய் வெடித்தது. தூசி போன்ற கறுப்பு விதைகள் தண்ணீரில் சிதறின. முழங்கால் சேற்றில் அலரி மனுஷியாக நின்றாள். செடியை ஒருமுறை குனிந்து பார்த்தாள். பிறகு ஓடினாள். மாடன் வாசலில் பிள்ளையோடு நின்றிருந்தான். அவள் பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

அடுத்த மழைக்குச் சதுப்பெங்கும் குட்டி அழுகண்ணிகள் முளைத்தன. சிலது வெள்ளை, சிலது ஊதா, சிலது இரண்டுக்கும் நடுவே இளஞ்சிவப்பு. எல்லாப் பூவும் உயரத்தில். கீழே கைகள் பசியோடுதான் காத்திருந்தன; ஆனால் பூவுக்கு வந்தவர்கள் பத்திரமாகத் திரும்பிப் போனார்கள்.

அலரி வீட்டில் தேனுக்கும் குறையில்லை, சிரிப்புக்கும் குறையில்லை. கதை கேட்ட வீட்டிலும் அப்படியே நிறையட்டும்.