பானை ஏந்திய நாகமாணிக்கம்

ரொம்ப காலத்துக்கு முன்னால், ராஜாக்கள் ஏராளமாகவும் அவர்களுக்குப் புத்தி சொல்கிறவர்கள் சொற்பமாகவும் இருந்த நாளில், பூவாணி நாட்டைக் கெங்கராயர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். அவருக்குக் கப்பல் வியாபாரி ஒருவன் துப்பாக்கி ஒன்றைக் காணிக்கையாகக் கொடுத்தான். விசையை அழுத்தினால் சிக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசிப் பொறி பறக்கும். பொறி பக்கத்துக் கிண்ணியிலுள்ள வெடிமருந்தில் விழுந்து பற்றும். அந்தத் தீ ஊசித் துளை வழியாகக் குழலுக்குள் போனதும் குண்டு பாயும்.

ராஜா சுட்டால் மட்டும் குண்டு உடனே பாயாது. முதலில் கிண்ணியில் 'புஸ்ஸ்ஸ்' என்று புகை கிளம்பும். ராஜா காத்திருப்பார். சபையும் காத்திருக்கும். மான் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, வாயிலிருந்த புல்லை மென்று விழுங்கிவிட்டுப் புதருக்குள் போகும். அப்புறம்தான் 'டமார்!'

"ஆகா! மகாராஜா விசையைத் தொட்டதும் துப்பாக்கி முதலில் வணங்குகிறது, பிறகுதான் வெடிக்கிறது. ஆயுதத்துக்கே இவ்வளவு மரியாதை!" என்பான் நாகமாணிக்கம். ராஜாவைப் புகழ்வது ஒன்றே அவனுக்குச் சபையில் உத்தியோகம். அதில் அவன் ஒருநாளும் விடுப்பு எடுத்ததில்லை.

மந்திரி குற்றாலலிங்கத்தைக் கண்டால் மட்டும் அவனுக்கு வயிறு எரியும். ஒருநாள் பன்றி ஒன்றும் தப்பி ஓட, ராஜா துப்பாக்கியைத் தரையில் எறிந்தார். நாகமாணிக்கம் மெல்ல அவர் காதருகே வந்தான்.

"மகாராஜா, ஆயுதசாலைக் காதர் ராவுத்தர் மருந்தில் தண்ணீர் தெளிக்கிறாராம். அவரை வேலைக்கு வைத்தது யார்? நம் மந்திரிதானே?"

"அப்படியா?" என்று ராஜா மீசையை முறுக்கினார். "வெள்ளிக்கிழமை பக்கத்து நாட்டு ராஜா விருந்துக்கு வருகிறார். அவர் முன்னால் இது தாமதித்தால் ராவுத்தரின் கட்டைவிரல் போகும். மந்திரியின் முத்திரை மோதிரம் நாகமாணிக்கத்துக்குப் போகும்!"

குற்றாலலிங்கம் அன்றே ஆயுதசாலைக்குப் போனார். ராவுத்தர் விரலை முந்தானைக்குள் ஒளிக்கிற பெண்ணைப்போல் கையை மடித்து வைத்துக்கொண்டு நின்றார். இருவரும் துளையை ஊசியால் குடைந்து சுத்தம் செய்தார்கள். மழுங்கிய கல்லை மாற்றினார்கள். மருந்தை வெயிலில் காயவைத்தார்கள். மந்திரி சுட்டார்: நொடியில் டமார். ராவுத்தர் சுட்டார்: நொடியில் டமார். ராஜாவை அழைத்துவந்து சுடச் சொன்னார்கள்: புஸ்ஸ்ஸ்ஸ்...

மந்திரி இந்தமுறை புகையைப் பார்க்கவில்லை, ராஜாவின் கையைப் பார்த்தார். ராஜா கிண்ணியில் மருந்தைக் கை நிறைய அள்ளிக் குவித்து, ஒரு தட்டும் தட்டி அமுக்கினார். ராஜா கை அல்லவா, கொடுப்பதில் குறை வைக்குமா!

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் அதை ராஜாவிடம் சொல்வது யார்? போன வருஷம் "மகாராஜா, தாளம் தப்புகிறது" என்று சொன்ன வித்வான் இப்போது எல்லைக் கோட்டையில் காக்கை விரட்டிக்கொண்டிருக்கிறார்.

மந்திரி நேராக நாகமாணிக்கத்தின் வீட்டுக்குப் போனார்.

"ஐயா, கோளாறு மகாராஜாவின் தாராளத்தில் இருக்கிறது. கிண்ணியில் மருந்து மட்டாக இருந்தால் சுவாலை நேராகத் துளைக்குள் பாயும். துளையை மூடும்படி குவித்தால் மருந்து திரிபோல மெல்ல எரிந்து எரிந்துதான் உள்ளே போகும். அதற்குள் குழலின் நுனி ஆடி, குண்டு எங்கேயோ போகிறது. நீங்கள் சொன்னால் மகாராஜா கேட்பார். ஒரு மனிதனின் விரல் தப்பும்."

நாகமாணிக்கம் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு சிரித்தான். "விரல் என்னுடையதா என்ன? எனக்கு எதற்கு ஐயா இந்த வம்பு?"

"அதுவும் சரிதான்" என்று மந்திரி எழுந்துவந்தார். ஒரு மனிதன் இவ்வளவு சுலபமாகச் சிரிக்க முடியுமா என்று வழியெல்லாம் அவருக்கு மனம் கொதித்தது.

வெள்ளிக்கிழமை மைதானத்தில் விருந்தாளி ராஜா வந்து அமர்ந்தார். குற்றாலலிங்கம் எழுந்து கைகூப்பினார்.

"மகாராஜா, தீர விசாரித்துவிட்டேன். நாகமாணிக்கம் சொல்வதுதான் சரி. துப்பாக்கி மரியாதைக்காகத்தான் தாமதிக்கிறது, குறி ஒருநாளும் தப்பாது. இதை விருந்தாளிக்கு நிரூபிக்க, மோர்ப் பானையைத் தலையில் ஏந்தி நிற்கும் பாக்கியத்தை நாகமாணிக்கத்துக்கே தரவேண்டும்!"

"சபாஷ்!" என்றார் ராஜா. நாகமாணிக்கம் வாய் திறப்பதற்குள் தலையில் பானை ஏறிவிட்டது. இரண்டு சேவகர்கள் அவனை மிக்க மரியாதையோடு தூக்கிக்கொண்டுபோய் மைதானத்தின் கோடியில் நிறுத்தினார்கள்.

ராஜா மருந்து நிறைத்த கொம்பைக் கவிழ்த்தார். அள்ளினார். குவித்தார். தட்டினார்.

"மகாராஜா!" நாகமாணிக்கத்தின் அலறலில் மைதானமே அதிர்ந்தது. "மருந்து! மருந்தைக் குறையுங்கள்!"

"என்ன உளறுகிறாய்?"

"துளையை மூடிவிட்டீர்கள் மகாராஜா! அதனால்தான் புஸ்ஸென்கிறது! கிண்ணியில் பாதி போதும், சத்தியமாகப் பாதி போதும்!"

"துப்பாக்கி வணங்குகிறது என்றாயே?"

"வணங்கவுமில்லை, ஒன்றுமில்லை! நீங்கள் போடுகிற மருந்து அதிகம்!"

விருந்தாளி ராஜா தாம்பூலத் தட்டை மிகுந்த கவனத்தோடு ஆராய ஆரம்பித்தார். கெங்கராயரின் முகம் சிவந்தது. ராஜா கிண்ணியைப் பார்த்தார், நாகமாணிக்கத்தைப் பார்த்தார். பாதி மருந்தை ஊதித் தள்ளினார். குறிபார்த்தார்.

டமார்!

பானை சிதறியது. நாகமாணிக்கம் உச்சி முதல் பாதம் வரை மோரில் நனைந்து, உயிரோடிருக்கிறோமா என்று தன் காதைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"தொட்டதும் வெடித்தது! பார்த்தீர்களா?" என்று ராஜா குழந்தைபோல் குதித்தார். தம் பட்டுச் சால்வையை எடுத்து, பக்கத்தில் நின்ற ராவுத்தரின் தோளில் போர்த்தினார். பிறகுதான் அவருக்குக் கோபப்பட வேண்டுமென்று ஞாபகம் வந்தது.

"நாகமாணிக்கம், இது தெரிந்தே எத்தனை மானை ஓடவிட்டாய்! இனி நான் சுடும்போதெல்லாம் பானை ஏந்துவது நீதான்." மந்திரியின் பக்கம் திரும்பினார். "ஓய், உமக்கும் தெரியும்தானே? நீர் ஏன் சொல்லவில்லை?"

"மகாராஜாவுக்குப் பிடித்த வாய் அவருடையதுதானே" என்றார் குற்றாலலிங்கம். "உண்மை அதிலிருந்து வர ஒரு பானை தேவைப்பட்டது."

ராஜா வெகுநேரம் சிரித்தார். மறுநாள் சபையில் தாம் இயற்றிய கீர்த்தனையைப் பாடிவிட்டு, "எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். எல்லோரும் "ஆகா!" என்றார்கள்.

"சரி," என்றார் ராஜா, "யாரங்கே, ஆளுக்கொரு பானை கொண்டுவா!"